டீச்சரின் வண்டிக்கு நான் அடித்த ஆயில்

"அண்ணா, எஸ்யூவி எடுத்திருக்கேன். ரோட்ல தூக்கித் தூக்கிப் போடுது. என்ன ஷாக்கப்சர் போடலாம்?"

வாரத்துக்கு நாலு பேராவது இப்படி போன் செய்கிறார்கள். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒர்க்ஷாப்பில் இப்போது இருப்பவர்கள் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, எந்தச் சாமான் போடுவது, வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்துவது என்றெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன். "வண்டில யாரு உக்கார்றாங்க? எந்த சீட்ல?" பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைப்பார்கள்போல. நினைக்கட்டும்.

போன மாதம் ஒர்க்ஷாப் ஆட்களே வீட்டுக்கு வந்து, தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஸ்பிரிங், டயர், அலைன்மென்ட் என்று பட்டியல் போடச் சொன்னால் எவனும் போட்டுவிடுவான். எனக்குத் தெரிந்ததில் முக்கியமானதை ஒரே ஒரு வண்டியில் கற்றேன். அதையும் நான் செய்த ஒரு தப்பினால்தான் கற்றேன். அந்தத் தப்பை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரியில் லாரி ஸ்பிரிங் கட்டும் பட்டறையில் ஆறு வருடம் சம்மட்டி பிடித்தேன். அங்கே தோள்பட்டை போனதுதான் மிச்சம். பிறகு மரக்காணத்துக்கு வந்து, உப்பளத்தை ஒட்டி இருந்த ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். வண்டிக்கு அடியில் இருக்கும் வேலை எல்லாம் என்னுடையது. முதலாளி சில வருடங்களில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி பிலோமினா அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளைக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று நான் ஒரு மாதம் முறைத்துக்கொண்டே திரிந்தேன்.

அதற்கு முன் அவர் ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் இருந்தவர். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை. அதில் வண்டிக்காரர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒருமுறை மீன் வண்டி டிரைவர் ஒருவர் வந்தார். நான் அட்டையில் "ஷாக் வீக்" என்று எழுதினேன். பிலோமினா அம்மா அதைக் கிழித்துப் போட்டார்.

"அவரு அப்டியா சொன்னாரு?"

"இல்லம்மா. வயிறு வாய்க்கு வருதுன்னாரு."

"அத எழுது. நோய்க்குப் பேரு அப்புறமா வைக்கலாம்."

வேலை முடிந்ததும் அவர் அட்டையை எடுத்து வண்டிக்காரர் முன்னால் உரக்கப் படிப்பார். "வயிறு வாய்க்கு வருதுன்னு சொன்னீங்க. இப்ப வருதுங்களா?" இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சாவி கை மாறும். இன்னொரு சட்டமும் இருந்தது. குறை சொன்னவர் எந்த சீட்டில் உட்கார்ந்து சொன்னாரோ, மெக்கானிக் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எங்களுக்கு அது போதும்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு ஸ்பேனரை இரண்டு நாள் வெளியே மறந்துவிட்டால் சிவந்துபோகும். வண்டிக்கு அடிப்பாகம் எம்மாத்திரம்? அதனால் எஞ்சினிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து, வண்டிக்கு அடியில் பீய்ச்சி அடிப்போம். எங்களிடம் வேலைக்கு வந்த வண்டி ஆயில் குளிக்காமல் வெளியே போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் மறுபடியும் அடித்து அனுப்புவோம். காசு வாங்குவதில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

ஷம்ஷாத் டீச்சர் வந்தது மழை ஓய்ந்த ஒரு டிசம்பர் மாதம். கோட்டக்குப்பத்துக்காரர். பிரம்மதேசம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருப்பார். பிறவியிலேயே எலும்பு பலமில்லாத நோய். நமக்கு முட்டிக்கொண்டது என்றால் அவருக்கு முறிந்தது என்று அர்த்தம். அவருடைய கணவர் ஜாபர் பாய் வளைகுடாவில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, பெரிய வண்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு பழைய ஏழு சீட்டு எஸ்யூவி வாங்கி, தினமும் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அந்த வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு வருடத்தில் டீச்சருக்கு இரண்டு முறை விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது.

"இன்னொரு தடவ நீண்ட லீவு போட்டா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார் டீச்சர். "போர்டுக்குப் போயிட்டு வந்தா எனக்கு வேல இருக்காதுண்ணா. இந்த வேலைக்காக நான் எத்தன மாவுக்கட்டோட படிச்சிருக்கேன் தெரியுமா?"

பிலோமினா அம்மா பேனாவை எடுத்தார். "வண்டி என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் யோசித்துச் சொன்னார். எங்கள் அட்டைகளிலேயே அவ்வளவு துல்லியமாக ஒருவர் சொல்லி நான் பார்த்ததில்லை. "பெரிய பள்ளம் வர்றது தெரியும். மூச்சப் பிடிச்சுக்குவேன். சின்னச் சின்னதா நிக்காம வருதே, அதுதான் எலும்புல கேக்குது."

நான் வண்டிக்கு அடியில் போனேன். பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்தான் ஸ்பிரிங். கம்பெனி வைத்ததற்கு மேல் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. ஜாபர் பாயைக் கேட்டேன்.

"நான்தான் போடச் சொன்னேன். இங்க எல்லாரும் போடறாங்களே, ஸ்ட்ராங்கா இருக்கும்னு."

எல்லாரும் போடுவது உப்பு மூட்டை ஏற்றுவதற்கு. இவர் ஏற்றுவதோ முப்பது கிலோகூட இல்லாத ஒரு மனுஷியை. போதாததற்குப் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சின்ன அதிர்வுக்கு அவை அசைவதே இல்லை. ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் நேராக சீட்டுக்கு வந்துவிடும். ஷாக் அப்சார்பர் நாலும் ஒழுகிக் காய்ந்திருந்தன. டயரில் காற்று லோடு வண்டிக் கணக்கில் இருந்தது.

அரையாண்டு லீவு முழுவதும் அந்த வண்டியோடு கழிந்தது. முதலில் காற்றைக் குறைத்தேன். பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, நடுவில் நைலான் தகடு வைத்து, கூடுதல் பட்டையோடு இன்னொன்றையும் சேர்த்து எடுத்துவிட்டேன். புது ஷாக் அப்சார்பர்கள் போட்டேன். டீச்சரை முன்சீட்டிலிருந்து மாற்றி நடு வரிசையில் உட்கார வைத்தேன். இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பவருக்குத்தான் ஆட்டம் குறைவு. ஜாபர் பாய் ஓட்ட, நான் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சின்ன நடுக்கம் வந்தால் ஒரு விரல், பக்கவாட்டில் சாய்ந்தால் இரண்டு விரல் காட்ட வேண்டும் என்று பேச்சு. உப்பளம் தாண்டி வரும் வளைவில் இரண்டு விரலும் எழுந்தன.

"தூளி மாதிரி இருக்குதுண்ணா. ஆனா வளைவுல கதவுமேல போய் விழறேன்."

மெத்தென்று ஆக்கினால் வண்டி சாயும். சாயாமல் இறுக்கினால் குலுக்கும். இந்த வேலையில் கஷ்டமே இது இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான். எடுத்த பட்டைகளில் கம்பெனி வைத்ததைத் திரும்பப் போட்டேன். முன்பக்கம் சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியின் இணைப்புகளைப் புதிதாக மாற்றினேன். பட்டை முனையிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையிலும் 'புஷ்' என்று சொல்லும் ரப்பர் வளையங்கள் இருக்கும். இரும்பு இரும்போடு இடிக்காமல் நடுவில் இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அவைதான். டீச்சருக்காகத் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே மிருதுவான ரப்பராக வாங்கிப் போட்டேன். பதினோராவது நாள் பிரம்மதேசம் வரை போய்த் திரும்பினோம். ஒரு விரல்கூட எழவில்லை. பாதி வழியில் அவர் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். ஜாபர் பாய் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

பிலோமினா அம்மா அட்டையைப் படித்தார். "சின்னச் சின்னதா நிக்காம வருது, எலும்புல கேக்குதுன்னு சொன்னீங்க. இப்ப கேக்குதுங்களா டீச்சர்?"

"இல்லம்மா" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் ஒரு வண்டியை அனுப்பியதில்லை.

சந்தோஷத்தில் ஆயில் துப்பாக்கியை நானே எடுத்தேன். கடல் காற்றிலேயே நிற்கிற வண்டி, டீச்சர் போகிற வண்டி என்று வழக்கத்தைவிடத் தாராளமாக அடித்தேன். புது ரப்பர் போட்ட இடங்களில் வழிய வழிய அடித்தேன். ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப்போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்ட விஷயம் அது. லோடு வண்டிகளில் கெட்டி ரப்பர்தான் இருக்கும், அதையும் வருடா வருடம் மாற்றிவிடுவோம், அதனால் அந்தச் சேதம் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. தெரிந்த விஷயம் ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம். கை ஜெயித்துவிட்டது. பிப்ரவரியில் ஜாபர் பாய் வந்தார், மறுபடி அடித்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் வந்தார், அப்போதும் அடித்தேன்.

அது நடந்து பத்து நாளில் ஜாபர் பாய் மட்டும் தனியாக வண்டியோடு வந்து நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது. முந்தின நாள் காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே ஒரு டிவிஎஸ் வந்திருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு, தார் ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கிவிட்டது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சீட் பெல்ட் இறுக்கிப் பிடித்ததில் டீச்சரின் இடது காறை எலும்பு முறிந்துவிட்டது.

நான் அடியில் போய்ப் படுத்தேன். டார்ச் அடித்த முதல் நொடியே தெரிந்துவிட்டது. நான் போட்ட ரப்பர்கள் எல்லாம் டீயில் ஊறின பன் மாதிரி உப்பிப் பிதுங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. பின் அச்சு தன் இடத்தில் நிற்கவில்லை. பிரேக் பிடித்தால் அந்த வண்டி வேறு எங்கே போகும்? ஆயில் சொட்டு ஒன்று என் கன்னத்தில் விழுந்தது. நான் எழுந்து வரவே இல்லை. எவ்வளவு நேரம் படுத்திருந்தேனோ தெரியாது.

"என்னா ஆச்சு ஏழுமல?" என்று ஜாபர் பாய் குனிந்து கேட்டார்.

"உப்புக் காத்து பாய். ரப்பரெல்லாம் போயிடுச்சு."

அவர் தலையாட்டினார். எங்கள் ஊரில் எந்தப் பழியையும் உப்பின் மேல் போடலாம், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

பிலோமினா அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாபர் பாய் பஸ் ஏறிப் போன பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உப்புன்னு அட்டைல நான் எழுத மாட்டேன். வண்டில உக்காந்தவங்க சொல்லட்டும். நாளைக்குக் காலைல கோட்டக்குப்பம் போறோம். நீயும் வர்ற."

அவருக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. மறுநாள் போனோம். டீச்சர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. பிலோமினா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர். வண்டி என்ன பண்ணுச்சு?"

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "மூணு நாளா பின்னாடி டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. பிரேக் பிடிச்சா மட்டும். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அவருகிட்டகூட சொல்லல."

ஜாபர் பாய் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய ஒர்க்ஷாப்ல விடுவீங்க. பரீட்ச நேரத்துல நாலு நாள் லீவு போடணும். எங்கிட்ட லீவு இல்லையே. மூணு நாள் ஓட்டிட்டா சனிக்கிழமை வந்துடும்னு பாத்தேன்."

அவர் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"சத்தம் வந்ததுக்கு நீங்க காரணம் இல்ல டீச்சர். உப்பும் காரணம் இல்ல. நான் அடிச்ச ஆயில்தான். ரப்பர்மேல ஆயில் படக்கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே அடிச்சேன். நேத்து பாய்கிட்ட பொய் சொன்னேன்."

ஜாபர் பாய் எழுந்தார். என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் வாசல்வரை போனார். அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நான்தானே கொண்டாந்து நிறுத்துனேன்" என்றார். "மறக்கக் கூடாதுன்னு போன்ல அலாரம் வெச்சு."

பிலோமினா அம்மாவின் பேனா அட்டைமேல் அப்படியே நின்றது. டீச்சர்தான் பேசினார். "அவரு அலாரம் வெச்சாரு. நீங்க ஆயில் அடிச்சீங்க. நான் சத்தம் கேட்டும் சும்மா இருந்தேன். மூணு பேரும் என்மேல அக்கறையாத்தான் இருந்திருக்கோம்." சிரிக்கப் பார்த்தார். தோள் வலித்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஸ்கூல் தெறக்கற அன்னிக்கு நான் போய்க் கையெழுத்து போட்டுட்டா, நடுவுல இருக்கற கோடை லீவு என் லீவு கணக்குல சேராது. அன்னிக்குப் போகலைன்னா லீவு நீண்டு, என் பேப்பர் மெடிக்கல் போர்டுக்குப் போயிடும். வண்டி ரெடியா இருக்கணும்ணா."

அன்று சாயங்காலமே ஆயில் டிரம்மை வெளியே எடுக்கச் சொன்னார் பிலோமினா அம்மா. கடந்த சில மாதங்களில் நாங்கள் ஆயில் அடித்த சொந்த உபயோக வண்டிகளையெல்லாம் போன் போட்டு வரவழைத்தோம். ஆறு வண்டிகளில் ரப்பர் ஊறியிருந்தது. ஒவ்வொருவரிடமும் காரணத்தை நானே என் வாயால் சொன்னேன். இரண்டு பேர் அத்தோடு எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ரப்பர் இருக்கும் இடங்களைத் துணி சுற்றி மறைத்துவிட்டு, இரும்பில் மட்டும் உலர்ந்து ஒட்டும் மெழுகுப் பூச்சு அடிக்க ஆரம்பித்தோம். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி அனுப்பினோம்.

டீச்சர் வண்டியின் அடிப்பாகத்தை சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று நாள் கழுவினேன். விரல் வைத்துத் தேய்த்தால் பிசுக்கு ஒட்டாத வரைக்கும் கழுவினேன். ரப்பர் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன். தினமும் காலையில் உப்பளத்து வளைவைத் தாண்டி நேர் ரோட்டில் அறுபதில், எழுபதில், எண்பதில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். கையை விட்டாலும் வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முன்பும் நன்றாகத்தானே இருந்தது?

பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்கு முந்தின நாள் ஜாபர் பாய் போன் செய்தார். "ஏழுமல, எனக்கு வண்டி எடுக்கத் தைரியம் வரலப்பா. ஸ்டீரிங்கப் பிடிச்சா அந்த இழுப்பு ஞாபகம் வருது. நாளைக்கு மட்டும் நீ ஓட்டு."

விடிந்ததும் கோட்டக்குப்பம் போனேன். டீச்சர் நடு வரிசையில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து, ஜாபர் பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று ஓட்டியதுபோல என்றுமே ஓட்டியதில்லை. நாற்பதைத் தாண்டவில்லை. நிழல் விழுந்தால்கூட பள்ளமோ என்று பிரேக்கில் கால் வைத்தேன். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. மரக்காணத்தில் உள்ளே திரும்பும்போதே எட்டே முக்கால் ஆகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் லீவில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடுகூட அடிக்கவில்லை. நல்ல உயரம். நான் வண்டியை அதற்கு முன்னால் நிறுத்தியே விட்டேன். டீச்சரை இறக்கி, நடக்கவைத்து, மறுபக்கம் ஏற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நேரம் பார்த்து எஞ்சினை வேறு அணைத்துத் தொலைத்தேன். கேட்டுக்குள் பிள்ளைகள் வரிசையில் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

"எடுங்கண்ணா" என்றார் டீச்சர் பின்னாலிருந்து. "இதுக்கு மேல மெதுவா போனா பெல் அடிச்சிடும்."

எடுத்தேன். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. ஜாபர் பாய் கண்ணை இறுக்க மூடியிருந்தார். கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தேன். கோட்டக்குப்பத்திலிருந்து அதுவரை விடாமல் பிடித்திருந்த கைப்பிடியை அவர் விட்டிருந்தார். அந்தக் கையால் பைக்குள் துழாவி, கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தார்.